ஒலியும் வரியும்: தமிழ்க் காணொலிகளில் தானியங்கித் துணையுரையின் வரலாறும் நடுநாட்டுப் பேச்சும் (விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களை முன்வைத்து)

ஆய்வுச்சுருக்கம்

காணொலியில் ஒலிக்கும் பேச்சை மென்பொருளே கேட்டு, திரையின் அடியில் எழுத்தாகக் காட்டும் தானியங்கித் துணையுரை இன்று தமிழ்க் காணொலிகளிலும் இடம்பெறத் தொடங்கியுள்ளது. தொழில்நுட்பச் செய்தியாகப் பேசப்படும் இதனை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் அணுகுகிறது. தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கிய முந்தைய முயற்சிகள், திரையில் எழுத்து இடம்பெற்ற வரலாறு, பேச்சறியும் எந்திரத்தின் வளர்ச்சி, தமிழுக்கான பேச்சுத் தரவகங்களின் தோற்றம் ஆகியவற்றைத் தொகுத்துரைக்கிறது. செய்தி வாசிப்புத் தமிழில் பயிற்சி பெற்ற எந்திரம் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களின் நடுநாட்டுப் பேச்சையும் தெருக்கூத்தையும் எழுதும்போது எவ்வகை இழப்புகள் நேரக்கூடும் என்பதை ஆராய்கிறது. துணையுரையை ஆய்வுச் சான்றாகக் கொள்வோர் கையாள வேண்டிய மூலத் திறனாய்வு நெறிகளையும் முன்மொழிகிறது.

திறவுச்சொற்கள்: துணையுரை, தானியங்கிப் பேச்சறிதல், நடுநாட்டு வழக்கு, தெருக்கூத்து, வாய்மொழி வரலாறு, மூலத் திறனாய்வு.

முன்னுரை

வாய்மொழி வழக்காறுகளைத் திரட்டும் ஆய்வாளர் ஒருகாலத்தில் ஒலிநாடாவைச் சுழலவிட்டு, நிறுத்தி, மீண்டும் கேட்டு எழுதினர். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்கப் பல நாள் ஆகும். இன்று அதே பணியை மென்பொருள் சில நிமிடங்களில் செய்து தருகிறது. ஊர்த்திருவிழா, கூத்து, முதியோர் நேர்காணல் எனப் பலவும் கைப்பேசியில் பதிவாகி இணையத்தில் ஏறுகின்றன. அவற்றின் அடியில் ஓடும் எழுத்து, காது கேளாதோர்க்கு ஒரே வாயில். தேடுபொறிக்கு அதுவே பதிவின் உள்ளடக்கம். நாளைய ஆய்வாளர்க்கு அது முதன்மைச் சான்றாகவும் ஆகக்கூடும்.

ஆகவே அவ்வெழுத்தை எழுதியது யார், எந்தத் தமிழைக் கேட்டுப் பழகிய செவி அதனை எழுதியது, எழுதாமல் விட்டது எது ஆகிய வினாக்கள் வரலாற்று மாணவர்க்கு உரியவை. இவ்வினாக்களுக்கு விடை காண விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்கள் பொருத்தமான களமாகும். பழைய தென்னார்க்காட்டிலிருந்து 1993 செப்டம்பரில் பிரிந்து உருவான விழுப்புரம் மாவட்டம், 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி பிரிந்த பின் இன்றைய எல்லையைப் பெற்றது. நடுநாடு என மரபில் சுட்டப்படும் நிலப்பரப்போடு தொடர்புடைய இப்பகுதியின் பேச்சுத் தமிழ் பாடநூல் தமிழிலிருந்தும், திரைப்படத்தில் பெரிதும் கேட்கும் மதுரை, கோவை வழக்குகளிலிருந்தும் வேறுபட்டது.

1. சொல் விளக்கம்

ஒரு மொழியில் பேசுவதை வேறு மொழியில் எழுதிக் காட்டுவதும், பேசும் மொழியிலேயே எழுதிக் காட்டுவதும் தமிழில் பொதுவாக ‘சப்டைட்டில்’ என்றே வழங்குகின்றன. முன்னது மொழிபெயர்ப்பு, மொழி அறியாதவர்க்கானது. பின்னது படியெழுதுதல், கேட்க இயலாதவர்க்கும், கேட்பதோடு படிக்கவும் விழைவோர்க்கும் ஆனது. பேச்சோடு இசை, சிரிப்பு, கதவு தட்டும் ஓசை போன்றவற்றையும் குறிப்பது இதன் இலக்கணம். இக்கட்டுரையில் ‘துணையுரை’ என்னும் சொல் இந்த இரண்டாம் பொருளிலேயே ஆளப்படுகிறது. மென்பொருள் தானே பேச்சைக் கேட்டு எழுதுவது ‘தானியங்கித் துணையுரை’ எனப்படுகிறது.

2. எந்திரத்திற்கு முன்: பேச்சை எழுதிய கைகள்

தமிழ்ப் பேச்சைப் பேசியவாறே எழுதிவைக்கும் தேவை முதலில் புலவரிடமிருந்து எழவில்லை, அரசிடமிருந்து எழுந்தது. சுதேசி இயக்கக் காலத்தில் மேடைகளில் தமிழில் சொற்பொழிவாற்றும் வழக்கம் பெருகியபோது, அவற்றைக் காவல்துறையினர் குறிப்பெடுத்தனர். 1908ஆம் ஆண்டு திருநெல்வேலியில் வ.உ. சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவா ஆகியோர்மீது நடைபெற்ற அரசத் துரோக வழக்கில் அவர்தம் பேச்சுகள் பற்றிய குறிப்புகளே அடிப்படைச் சான்றாயின. பேச்சு காற்றில் கரைந்தது. காவலர் எழுதியது நீதிமன்றத்தில் நின்றது. எழுதப்பட்டதே பேசப்பட்டதாகக் கொள்ளப்பட்டது. படியெழுதுதல் ஒருபோதும் நடுநிலையான செயலாக இருந்ததில்லை என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

ஏறத்தாழ அதே காலத்தில் பேச்சை ஒலியாகவே சேமிக்கும் முயற்சியும் நிகழ்ந்தது. எடிசன் 1877இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டறிந்திருந்தார். கிரியர்சனின் இந்திய மொழியளவைப் பணியை ஒட்டி 1913 முதல் 1929 வரை இந்திய மொழிகளும் கிளைமொழிகளும் இசைத்தட்டுகளில் பதிவாயின. கெட்ட குமாரன் உவமைக் கதையை ஒவ்வொரு மொழியிலும் சொல்லச் செய்வது அத்திட்டத்தின் முறை. ஒரே கதையைச் சொல்லச் செய்ததால் மொழிகளை ஒப்பிட முடிந்தது. ஆனால் அக்கதை எந்த ஊராரின் அன்றாடப் பேச்சும் அன்று. ‘முன்கூட்டி எழுதியதைப் படிக்கச் செய்து பதிவு செய்தல்’ என்னும் இம்முறை, நூறாண்டுக்குப் பின் எந்திரப் பயிற்சித் தரவகங்களிலும் மீண்டும் தோன்றுவதைப் பின்னர்க் காணலாம்.

1938 ஜூன் மாதம் சென்னை வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. வானொலி தமிழுக்கு ஒரு புதிய பேச்சுநடையைத் தந்தது. அது எழுதிப் படிக்கப்பட்டது, திருத்தமான உச்சரிப்புடையது, வட்டாரச் சாயல் களையப்பட்டது. இந்நடை கேட்போர்க்குத் தமிழின் பொதுக்குரல் ஆயிற்று. எந்திரத்திற்கும் பின்னாளில் அதுவே ஆசிரியராக அமைந்தது.

3. திரையில் எழுத்து

தென்னிந்தியாவில் முதல் கதைப்படமாகக் கருதப்படும் ஆர். நடராஜ முதலியாரின் ‘கீசகவதம்’ பேசாப்படம். 1910களின் பிற்பகுதியில் வெளிவந்த அப்படத்தில் உரையாடலும் விளக்கமும் இடையிடையே எழுத்துப் பலகைகளாகக் காட்டப்பட்டன. கீசகன் கதை கூத்துக் களரிகளிலும் ஆடப்பட்டுவரும் பாரதக் கதை என்பது இவண் கருதத்தக்கது. 1931இல் ‘காளிதாஸ்’ வெளிவந்து திரை பேசத் தொடங்கியதும் அவ்வெழுத்து மறைந்தது. கேட்கும் மக்கள் அதனை முன்னேற்றமாகக் கண்டனர். காது கேளாதவர்க்கோ அதுவரை திறந்திருந்த அரங்கு அன்றோடு மூடியது. பேசும்படத்தின் வரவை இவ்விரு பக்கமும் வைத்தே எழுத வேண்டும்.

அமெரிக்காவில் இவ்விழப்பை ஈடுசெய்யும் முயற்சி காது கேளாதோரிடமிருந்தே எழுந்தது. 1947இல் எமர்சன் ரொமேரோ என்னும் காது கேளாத நடிகர் பழைய படச்சுருள்களை வெட்டி எழுத்துகளைச் சேர்த்து வழங்கினார். 1958இல் துணையுரைப் படங்களுக்கென அங்குச் சட்டம் இயற்றப்பட்டது. 1972இல் தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சி ஒன்று துணையுரையுடன் ஒளிபரப்பாயிற்று. வேண்டுவோர் மட்டும் காணத்தக்க மறைநிலைத் துணையுரை 1980 மார்ச்சில் தொடங்கியது. இவை அனைத்தும் மனிதர் கேட்டு எழுதியவை.

இந்தியாவில் இத்துறையின் முன்னோடி முயற்சி எழுத்தறிவை நோக்கமாகக் கொண்டிருந்தது. திரைப்பாடல் ஒலிக்கும் மொழியிலேயே அதன் வரிகளைத் திரையில் ஓடவிட்டால், புதிதாக எழுத்தறிந்தோரின் வாசிப்பு வலுப்படும் என்னும் கருத்தைப் பிரிஜ் கோத்தாரி 1996இல் முன்வைத்தார். 1999இல் குஜராத்தித் தொலைக்காட்சிப் பாடல் நிகழ்ச்சியில் அது செயல்வடிவம் பெற்றது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, காட்சி ஊடகங்களின் அணுகல்தன்மையைச் சட்டக் கடமையாக்கியது. இதனையொட்டித் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019 செப்டம்பரில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கும் 2024 மார்ச்சில் திரையரங்கப் படங்களுக்கும் அணுகல்தன்மை நெறிகளை வெளியிட்டது. ஆயினும் நாள்தோறும் பெருகும் காணொலிகள் அனைத்திற்கும் மனிதக் கையால் துணையுரை எழுதுவது இயலாது. எந்திரம் இவ்விடைவெளியிலேயே நுழைகிறது.

4. எந்திரச் செவியின் வளர்ச்சி

1952இல் பெல் ஆய்வகம் உருவாக்கிய ‘ஆட்ரி’ என்னும் கருவி, பழகிய குரல் சொல்லும் பத்து எண்களை அறிந்தது. 1962இல் ஐபிஎம் காட்சிப்படுத்திய ‘ஷூபாக்ஸ்’ பதினாறு சொற்களை அறிந்தது. 1970களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதியுதவியால் நடைபெற்ற ஆய்வுகளின் விளைவாக, 1976இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ‘ஹார்ப்பி’ ஏறத்தாழ ஆயிரம் சொற்களை அறியும் நிலையை எட்டியது. அப்பல்கலைக்கழகத்தில் பேச்சறிதல் ஆய்வை முன்னெடுத்தவர் ராஜ் ரெட்டி. அன்றைய சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தில் 1937இல் பிறந்து, சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1958இல் பட்டம் பெற்ற அவர் 1994இல் டூரிங் விருது பெற்றார். எந்திரச் செவியின் முன்னோடிகளுள் ஒருவர் கிண்டியில் பயின்றிருக்க, தமிழைக் கேட்கும் எந்திரம் உருவாக அதன்பின் பல பத்தாண்டுகள் ஆயின.

அடுத்த கட்டத்தில் மறை மார்க்கோவ் மாதிரி என்னும் புள்ளியியல் முறை கோலோச்சியது. ஒலியின் சிறுகூறுகள் எந்த வரிசையில் வரக்கூடும் என்பதை நிகழ்தகவால் கணிப்பது அதன் அடிப்படை. அம்முறைக்கு ஒலிப்பு அகராதியும் சொற்பட்டியலும் இன்றியமையாதவை. 2010க்குப் பின் நரம்பியல் வலையமைப்புகள் அவ்விடத்தைப் பிடித்தன. ஒலியையும் அதற்குரிய எழுத்தையும் இணையிணையாகப் பல்லாயிரம் மணி நேரம் காட்டினால், அகராதி இன்றியே எந்திரம் இரண்டையும் பொருத்தக் கற்றுக்கொள்கிறது. இதன் விளைவு ஒன்று வரலாற்று நோக்கில் முக்கியமானது. முன்பு எந்திரம் எதை அறியும் என்பதை அகராதியைப் புரட்டி அறியலாம். இப்போது அதனை அறியப் பயிற்சித் தரவகத்தின் வரலாற்றையே அறிய வேண்டும்.

காணொலித் துணையுரையில் திருப்புமுனை 2009 நவம்பர் மாதம். கூகுள் நிறுவனத்தின் காது கேளாத பொறியாளர் கென் ஹாரன்ஸ்டீன் முன்னின்ற முயற்சியால் யூடியூப் தளத்தில் தானியங்கித் துணையுரை அறிமுகமாயிற்று. தொடக்கத்தில் ஆங்கிலத்திற்கும் தெரிவுசெய்த சில அலைவரிசைகளுக்கும் மட்டும் கிடைத்த அவ்வசதி, 2010 மார்ச்சில் பரவலாக்கப்பட்டது. பின்னர் ஜப்பானியம், கொரியம், ஐரோப்பிய மொழிகள் எனப் பட்டியல் நீண்டது. தமிழ் நெடுங்காலம் அப்பட்டியலுக்கு வெளியே நின்றது.

5. தமிழுக்கு வந்த வழி

தமிழ்ப் பேச்சறிதலின் தொடக்க முயற்சிகள் காணொலிக்காக எழுந்தவையல்ல, வேளாண்மைக்காக எழுந்தவை. கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துடன் இணைந்து, எழுத்தறியாச் சிற்றூர் மக்களுக்கென ‘தமிழ் மார்க்கெட்’ என்னும் சிறு சொற்றொகுதிப் பேச்சு அமைப்பை உருவாக்கி 2006இல் அதுபற்றி எழுதினர். பின்னர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் சென்னையின் எஸ். உமேஷ் முதலானோர் பங்கேற்ற கூட்டு முயற்சியில், தமிழ் உள்ளிட்ட ஆறு இந்திய மொழிகளில் விளைபொருள் விலையைத் தொலைபேசிவழிப் பேசி அறியும் அமைப்பு உருவாக்கப்பட்டது. உழவர் சொல்லும் ஊர்ப்பெயரையும் பயிர்ப்பெயரையும் அறிவதே அதன் பணி. வட்டார வழக்கின் சிக்கல் அப்போதே எந்திரத்தின் முன் நின்றது எனலாம். ஒரு பயிருக்கு ஊர்தோறும் ஒரு பெயர் இருப்பது உழவரை அறிந்த எவர்க்கும் தெரிந்ததே.

2017 ஆகஸ்டில் கூகுள் குரல் உள்ளீட்டில் தமிழ் உள்ளிட்ட எட்டு இந்திய மொழிகள் சேர்க்கப்பட்டன. 2018இல் ‘இன்டர்ஸ்பீச்’ மாநாட்டையொட்டித் தமிழ், தெலுங்கு, குஜராத்தி மொழிகளுக்கான பேச்சறிதல் போட்டி நடத்தப்பட்டது. ‘குறைவளமொழி’ என்னும் வகைப்பாட்டில் தமிழ் அங்கே வைக்கப்பட்டது. ஈராயிரம் ஆண்டு இலக்கியமுடைய மொழி எந்திரத்தின் கணக்கில் வளம் குன்றியதாகத் தோன்றக் காரணம், எழுத்தோடு இணைக்கப்பட்ட ஒலி குறைவு என்பதே. ஏட்டு வளமும் ஒலி வளமும் வெவ்வேறு.

2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட ‘விஸ்பர்’ மென்பொருள் 6,80,000 மணி நேர ஒலியில் பயின்றது. ஆங்கிலம் அல்லாத 96 மொழிகளின் படியெழுத்துக்கு அதில் கிடைத்த மொத்தப் பங்கு 1,17,000 மணி நேரம் மட்டுமே. தமிழும் அம்மொழிகளுள் ஒன்று.

இந்திய அளவில் மூன்று தரவகங்கள் இவண் சுட்டத்தக்கவை. மூன்றிலும் தமிழ் இடம்பெறுகிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த ‘ஏஐ4பாரத்’ குழு 2022இல் உருவாக்கிய ‘ஸ்ருதிலிபி’, அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கைகளையும் அவற்றின் எழுத்துப் படிகளையும் பொருத்தி 12 மொழிகளில் 6,400 மணி நேரத்திற்கு மேற்பட்ட ஒலியைத் திரட்டியது. அதே கழகத்தின் ‘ஸ்பிரிங்’ ஆய்வகம் 2023இல் பத்து மொழிகளில் ஏறத்தாழ 2,000 மணி நேரப் பேச்சை மனிதர் எழுதிய படியெழுத்துடன் வெளியிட்டது. 2024இல் வெளிவந்த ‘இண்டிக்வாய்சஸ்’ 145 மாவட்டங்களில் 16,237 பேரிடமிருந்து 22 மொழிகளில் 7,348 மணி நேரம் பதிவு செய்தது. அதில் 74 விழுக்காடு முன்னெழுத்தின்றி இயல்பாகப் பேசியது. ஆனால் அம்முதல் வெளியீட்டின்போது படியெழுதி முடிந்தது 1,639 மணி நேரமே.

இவ்வரிசை தெளிவாக உணர்த்துவது யாதெனில், படித்த பேச்சிலிருந்து இயல்புப் பேச்சை நோக்கிய நகர்வு தொடங்கிவிட்டது. ஆனால் இயல்புப் பேச்சை எழுத இன்னும் மனிதச் செவியே தேவைப்படுகிறது என்பதாகும். எந்திரத்தின் தமிழ், வேரில் வானொலிச் செய்தித் தமிழாகவே உள்ளது.

6. நடுநாட்டுப் பேச்சும் எழுத்தும்

பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே தமிழில் நிலவும் இரட்டை வழக்கு, படியெழுதுவோர்க்குப் பழைய சிக்கல். ‘வந்துச்சு’ என்று பேசுவதை ‘வந்தது’ என எழுதுவதா, பேசியவாறே எழுதுவதா என்பதைப் படியெழுதும் ஒவ்வொருவரும் முடிவுசெய்தாக வேண்டும். மனிதர் தம் முடிவை முன்னுரையில் கூறுவர். எந்திரம் கூறுவதில்லை, பயிற்சியில் எது மிகுதியோ அதன்பக்கம் சாய்கிறது.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் இச்சிக்கல் மேலும் கூர்மையாகிறது. வேர்க்கடலை இங்கு ‘மல்லாட்டை’; சில ஊர்களில் ‘மணிலா’. செடியிலிருந்து காயைப் பறிப்பது ‘ஆய்தல்’. புன்செய் நிலம் ‘கொல்லை’. பிற வட்டாரங்களில் வீட்டின் பின்புறத்தைச் சுட்டும் அச்சொல், இங்குப் பயிர்செய்யும் நிலத்தைச் சுட்டுகிறது. ‘உட்கார்’ என்பதற்குக் ‘குந்து’ என்பர். ‘கொண்டு’ என்னும் துணைவினை ‘கினு’ எனக் குறுகும். ‘இழுத்து’ என்பது ‘இஸ்து’ என ஒலிக்கும். வடதமிழகப் பேச்சில் ழகரம் யகரமாக ஒலிப்பதும் உண்டு. கண்மணி குணசேகரன் 2007இல் ‘நடுநாட்டுச் சொல்லகராதி’யைத் தொகுத்து இவ்வழக்கிற்கு ஓர் எழுத்துப் பதிவைத் தந்தார். கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வழக்கிற்குச் செய்த பணிக்கு இது இணையானது.

ஒரு முதிய பெண், ‘கொல்லையில மல்லாட்ட ஆஞ்சிகினு இருந்தோம்’ என்று நேர்காணலில் கூறுவதாகக் கொள்வோம். இதனை மூன்று வகையாக எழுதலாம். பேசியவாறே எழுதுவது ஒன்று. ‘நிலத்தில் வேர்க்கடலை பறித்துக்கொண்டிருந்தோம்’ எனப் பொதுத்தமிழாக்குவது மற்றொன்று. மூன்றாவது, அறியாத சொல்லை ஒலியளவில் நெருங்கிய, தான் அறிந்த சொல்லாக மாற்றிவிடுவது. இம்மூன்றாம் வகை நேர்வதற்கான வாய்ப்பு எந்திரத்தின் இயல்பிலேயே உள்ளது. கேட்ட ஒலிக்கு மிகப் பொருத்தமான எழுத்தைத் தான் கற்றவற்றிலிருந்தே அது தேர்கிறது. கற்றதில் இல்லாத சொல் அரிதாகவே அதன் எழுத்தில் தோன்றும்.

இவ்வகைப் பிழை கண்ணுக்குப் புலப்படாமல் நிற்பதே இடர். ‘பழம்’ என்பது ‘பயம்’ என ஒலித்து அவ்வாறே எழுதப்பட்டால், இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள் ஆதலால் எழுத்துப்பிழை திருத்தியும் அதனைக் காட்டாது. ‘மணிலா விலை’ என்பது சரியாகவே எழுதப்பட்டாலும், அத்துணையுரை அடுத்துத் தானியங்கி மொழிபெயர்ப்புக்குச் செல்லும்போது திண்டிவனத்துக் கடலை பிலிப்பைன்ஸ் தலைநகராகிவிடக்கூடும். ‘கொல்லை’யில் நிகழ்ந்த கூலியுழைப்பு வீட்டுப் பின்புற வேலையாகப் படிக்கப்படின், உழைப்பின் வரலாறே மாறிவிடும்.

எந்திரத்தின் திறனை அளக்கும் சொற்பிழை வீதமும் தமிழுக்கு முற்றும் பொருந்துவதன்று. தமிழ் ஒட்டுநிலை மொழி. ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கு’ என்பது ஒரு சொல். எந்திரம் அதனை ‘போய்க் கொண்டிருந்தவர்களுக்கு’ என இடம்விட்டு எழுதினால், பொருள் சிறிதும் சிதையாதிருக்கவும் அளவுகோல் அதனை ஒரு மாற்றம், ஒரு சேர்க்கை என இரு பிழைகளாகக் கொள்ளும். மறுபுறம் ‘பழம்’ ‘பயம்’ ஆவது ஒரே பிழை. எனவே விழுக்காட்டை மட்டும் கொண்டு ஒரு துணையுரையின் நம்பகத்தன்மையை மதிப்பிடுதல் ஆய்வுக்குப் போதாது.

7. கூத்துக் காணொலி

செஞ்சி, மேலச்சேரி, திண்டிவனம் உள்ளிட்ட ஊர்களின் திரௌபதியம்மன் விழாக்கள் உலக ஆய்வாளரின் கவனத்தைப் பெற்றவை. ஆல்ஃப் ஹில்டபைடல் இப்பகுதியில் கள ஆய்வு செய்து 1988இல் திரௌபதி வழிபாடு குறித்த தம் நூலின் முதல் தொகுதியை வெளியிட்டார். அதே ஆண்டில் இவ்விழாக்கள் குறித்த அவரது காணொலிப் பதிவும் வெளிவந்தது. 1990இல் ரிச்சர்ட் ஃபிராஸ்கா தெருக்கூத்து குறித்து நூல் எழுதினார். அக்காலத்தில் ஒளிப்படக் கருவி ஆய்வாளர் கையில் இருந்தது. இன்று பார்வையாளர் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. விடியவிடிய நடைபெறும் கூத்து முழுமையாக இணையத்தில் கிடைக்கிறது.

ஆனால் கூத்து எந்திரச் செவிக்கு மிகக் கடினமான ஒலி. மத்தளமும் முகவீணையும் ஆர்மோனியமும் தாளமும் இடைவிடாது ஒலிக்க, பாட்டும் விருத்தமும் வசனமும் மாறிமாறி வருகின்றன. வேடதாரி பாடுவதைப் பின்பாட்டுக்காரர் தொடர்கின்றனர். கட்டியங்காரன் அரச வசனத்தையும் ஊர்ப்பேச்சையும் ஒரே மூச்சில் கலக்கிறான். உள்ளூர்ச் செய்திகளைக் கூறி நகைக்கிறான். கூத்தின் ஒவ்வோர் இரவையும் தனித்ததாக்குவது அவனுடைய அக்கூற்றே. பாரதப் பாடல் ஏட்டிலும் அச்சிலும் உண்டு. கட்டியங்காரனின் அன்றைய சொல் எங்கும் இல்லை. எந்திரம் எளிதில் தவறவிடக்கூடியதும் அதுவே. வேறு சான்று இல்லாத இடத்தில்தான் துணையுரை மிகத் தளர்வாக இருக்கிறது என்பது இவ்வாய்வின் முதன்மையான கருத்து.

8. எந்திரம் கேளாத குரல்கள்

இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. 2020இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, முன்னணி நிறுவனங்களின் ஐந்து பேச்சறி அமைப்புகளைச் சோதித்தது. வெள்ளையர் பேச்சில் சொற்பிழை வீதம் சராசரியாக 0.19 ஆக இருக்க, கறுப்பினத்தார் பேச்சில் 0.35 ஆக இருந்தது. 2024இல் ‘விஸ்பர்’ குறித்து வெளிவந்த ஆய்வு, ஏறத்தாழ ஒரு விழுக்காட்டு ஒலித்துண்டுகளில் எவரும் பேசாத தொடர்களை எந்திரம் தானே புனைந்து எழுதியதைக் காட்டியது. பேச்சுக் குறைபாடு உடையோரின் பதிவுகளில் அது மிகுந்திருந்தது. தயங்கி, இடைவெளி விட்டுப் பேசும் முதியோரின் நேர்காணலைக் கொண்டு வரலாறு எழுதுவோர் இம்முடிவை நினைவில் இருத்த வேண்டும்.

தமிழில் இத்திசையில் நிகழ்ந்த குறிப்பிடத்தக்க முயற்சி 2022இல் நடத்தப்பெற்ற ஒரு கூட்டுப்பணியாகும். முதியோர், திருநங்கையர் ஆகியோரின் இயல்பான தமிழ்ப் பேச்சைப் பொதுவிடங்களில் பதிந்து, அதனை எந்திரம் அறிகிறதா எனச் சோதித்தது அது. பயிற்சிக்கு அளிக்கப்பட்ட ஒலி ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம். செய்தியறிக்கைகளின் ஆயிரக்கணக்கான மணி நேரத்தோடு இதனை ஒப்பிட்டால் ஏற்றத்தாழ்வு விளங்கும். சித்திரை முழுநிலவில் கூவாகம் கூத்தாண்டவர் விழாவிற்கு நாடெங்கிலுமிருந்து வரும் திருநங்கையர் விழுப்புரத்தில் தங்குகின்றனர்; அங்கு நடைபெறும் நிகழ்வுகள் ஆண்டுதோறும் காணொலிகளாகின்றன. 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கூவாகம் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சார்ந்தது. அக்காணொலிகளில் திருநங்கையர் தம் வாழ்வைத் தாமே கூறும் சொற்கள் சரியாக எழுதப்படுகின்றனவா என்பது, அச்சமூகத்தின் வரலாறு எவ்வாறு எழுதப்படும் என்பதோடு தொடர்புடையது.

இழப்பு முதலில் சேர்வது காது கேளாதோர்க்கே. கேட்கக்கூடியவர் பிழையான வரியைப் படித்ததும் ஒலியைக்கொண்டு திருத்திக்கொள்வர். கேளாதவர்க்கு ஒப்பிட வேறொன்றில்லை, எழுதியதே பேசியது. 1908ஆம் ஆண்டின் நீதிமன்றத்தில் காவலர் குறிப்புக்கு இருந்த அதே தனியாட்சி இங்குத் துணையுரைக்கு வாய்க்கிறது. ஆயினும் பிழை கருதித் துணையுரையே வேண்டாவெனல் பொருந்தாது. 1931இல் மூடிய அரங்கை அது பாதியேனும் திறக்கிறது. மீதியைத் திறக்கும் பொறுப்பு மொழியறிந்தோருடையது.

9. ஆய்வாளர் கைக்கொள்ள வேண்டிய நெறிகள்

கல்வெட்டையும் ஏட்டையும் ஆராய்வோர் படி எடுத்தவர் யார், எக்காலத்தில், எம்மூலத்திலிருந்து என வினவுவது மரபு. அம்மரபையே துணையுரைக்கும் நீட்டிக்க வேண்டும்.

முதலாவதாக, துணையுரையை மேற்கோளாக ஆளும்போது அது மனிதர் எழுதியதா, எந்திரம் எழுதியதா என்பதையும், எந்திரமாயின் மென்பொருளின் பெயரையும் எடுத்தாண்ட நாளையும் குறிக்க வேண்டும். மென்பொருள் மாறுந்தோறும் ஒரே காணொலிக்கு வேறு துணையுரை கிடைக்கலாம்.

இரண்டாவதாக, மேற்கோள் ஒவ்வொன்றிற்கும் காணொலியில் அது ஒலிக்கும் நிமிடத்தையும் நொடியையும் தர வேண்டும். ஒலியே மூலம், வரி அதன் படி.

மூன்றாவதாக, வாய்மொழிப் பதிவுகளை ஈரடுக்காக எழுதலாம். பேசியவாறு ஒரு வரி, பொதுத்தமிழில் ஒரு வரி. முன்னது வழக்கைக் காக்கும். பின்னது தேடலுக்கும் பிற வட்டார வாசகர்க்கும் உதவும்.

நான்காவதாக, வட்டாரச் சொல்லகராதிகளை எந்திரம் பயன்கொள்ளும் வடிவில் தருவதும், ஊரறிந்தவர் திருத்திய துணையுரைகளை ஒலியோடு சேர்த்துத் தரவகமாக்குவதும் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணிகள். பேசியவரின் இசைவு இதற்கு முன்நிபந்தனை. விழுப்புரம், திண்டிவனம் கல்லூரிகளில் தமிழ் பயிலும் மாணவர் பலர் இவ்வழக்கைத் தாய்மொழியாக உடையோர். ‘மல்லாட்டை’ என்பதை ஐயமின்றிக் கேட்டு எழுதக்கூடிய செவி அவர்களுடையது. பட்டப்படிப்பு நிலையிலேயே ஒரு பருவத்துக் களப்பணியாக இதனை அமைக்க இயலும்.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு அமைகின்றன. தமிழ்ப் பேச்சைப் படியெழுதும் பணி, அதனைச் செய்வித்த அதிகாரத்தின் நோக்கத்தை ஒவ்வொரு காலத்திலும் தாங்கியே வந்துள்ளது. தானியங்கித் துணையுரையின் தமிழ், எளிதில் கிடைத்த செய்தியறிக்கை ஒலியை அடித்தளமாகக் கொண்டு வளர்ந்ததால், பொதுத்தமிழுக்கு அணுக்கமாகவும் வட்டாரத் தமிழுக்குச் சேய்மையாகவும் நிற்கிறது. நடுநாட்டுப் பேச்சில் நேரக்கூடிய பிழைகள் பல, சரியான தமிழ்ச் சொல்லின் வடிவிலேயே தோன்றுவதால் எளிதில் புலனாகா. வேறு சான்றற்ற கட்டியங்காரன் கூற்று, முதியோர் நினைவு, திருநங்கையர் தன்வரலாறு ஆகியவற்றிலேயே துணையுரையின் தளர்ச்சி மிகுதி.

வானொலி எழுதிப் படித்த தமிழை எந்திரம் கற்றுக்கொண்டது போல, மக்கள் பேசும் தமிழையும் அது கற்கும். கற்பிக்க வேண்டிய ஒலி திண்டிவனத்துக் கொல்லைகளிலும் செஞ்சிப் பக்கத்துக் களரிகளிலும் நாள்தோறும் ஒலிக்கிறது. அதனைச் சரியாகக் கேட்டு எழுதித்தருவோர் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தே நடுநாட்டுப் பேச்சு நாளைய ஆவணத்தில் தன் சொல்லாக நிற்பதும், வேறு சொல்லாக மாறிப்போவதும் அமையும்.